உப்பளத்தில் முதல் வலை

கோடியக்கரைக்குப் பறவைகளின் காலில் வளையமிடுவது புதிதில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959இல் தொடங்கிய வலசை ஆய்வின் முக்கியக் களங்களில் இதுவும் ஒன்று. ஆனால் நான் போன இடத்தில் அதற்கு முன் யாரும் வலை கட்டியதில்லை. வேதாரண்யம் பக்கம், உப்பு எடுப்பதை நிறுத்திவிட்ட சில பாத்திகள். கணுக்கால் அளவு தண்ணீர், நடுவே இடிந்த வரப்புகள். மழை ஓய்ந்த தை மாதம், அமாவாசையை ஒட்டிய நாள். நிலா வெளிச்சம் இருந்தால் வலை பறவையின் கண்ணில் பட்டுவிடும். அதனால் உள்ளான் பிடிப்பவர்களுக்கு இருட்டு ராத்திரிதான் வேலை நாள்.

நான் சேர்ந்து போன குழுவின் ஆய்வாளர் ஓர் இளம்பெண். உள்ளானைப் பிடித்துக் கையில் எடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். அந்தத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையில் வைத்திருந்தார். வலை கட்ட வந்தவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். சிறுவயதில் அப்பாவோடு கண்ணி வைத்து, பிடித்ததைச் சந்தையில் விற்றவர். அந்தக் காலம் போய் வெகுநாளாகிறது. இப்போது ஆய்வாளர்களுக்காக வலை போடுகிறார்.

பிற்பகலிலேயே வந்துவிட்டோம். பெரியவர் மூங்கிலைத் தொடவே இல்லை. வரப்பில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயற்கைக்கோள் படத்தைக் கைப்பேசியில் காட்டி, அகலமான பாத்தியின் ஓரமாகக் கட்டலாமா என்று கேட்டார் ஆய்வாளர்.

“அங்க மேயும்மா. படுக்க இங்கதான் வரும். எச்சத்தைப் பாருங்க.”

இடிந்த வரப்பின் ஒரு பக்கம் முழுக்க வெள்ளைத் தெறிப்பு, நடுநடுவே உதிர்ந்த இறகுகள். மறுபக்கம் சுத்தமாகக் கிடந்தது. காற்று படாத பக்கத்தில் பறவைகள் ஒதுங்குகின்றன. எதிர்க்காற்றில் வந்து இறங்கும் பறவையின் பாதைக்குக் குறுக்காக வலை நிற்கவேண்டும். அவர் இடத்தை முடிவு செய்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

மிஸ்ட் நெட் என்பது முடி போன்ற நூலால் பின்னிய வலை. ஒன்று சுமார் 12 மீட்டர் நீளம். நெடுக ஓடும் கயிறுகளுக்கு இடையில் வலையை விறைப்பாக இழுக்காமல் தொங்கவிடுவார்கள். மோதிய பறவை அந்தத் தொய்வு உண்டாக்கும் பையில் விழுந்து கிடக்கும். தண்ணீருக்கு மேல் கட்டுவதில்தான் ஆபத்து. இரண்டு மூன்று பறவை சேர்ந்து விழுந்தால் கீழ்ப்பை பாரத்தில் தாழும். தாழ்ந்து தண்ணீரைத் தொட்டால் பறவை மூழ்கிவிடும். பெரியவர் கீழ்க்கயிற்றைத் தன் தொடைக்கு மேலே கட்டினார். பிறகு ஈரத் துணி மூட்டை ஒன்றைப் பையில் போட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று பார்த்தார். அதற்குப் பிறகும் கயிற்றை ஒரு சாண் உயர்த்திக் கட்டினார்.

இருட்டியதும் வரப்பை விட்டு விலகி உட்கார்ந்தோம். கால் மணிக்கு ஒருமுறை விளக்கோடு போய்ப் பார்ப்பது விதி. முதலில் சிக்கியது ஒரு கொசு உள்ளான். எடை முப்பது கிராம்கூட வராது. பெரியவர் அதைத் தொடுவதற்கு முன் எந்தப் பக்கத்திலிருந்து வந்து விழுந்தது என்று பார்த்தார். வந்த வழியிலேயே வெளியே எடுக்கவேண்டும். முதலில் கால்கள், பிறகு உடல், இறக்கை, கடைசியில் தலை. நூலை அவர் இழுக்கவே இல்லை, விரல் நுனியால் தள்ளித் தள்ளி விட்டார். இதே விரல்கள் முன்பு கண்ணியிலிருந்து பறவையை எடுத்தபோது, அது உயிரோடு திரும்பிப் போகும் என்ற கணக்கு கிடையாது. “அப்ப அவசரம். இப்ப அவசரப்படக் கூடாது. கை அதேதான் தம்பி” என்றார்.

அடுத்தது வளையம். எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையத்தை 1899இல் டென்மார்க்கின் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் மோர்டென்சன் மைனா குடும்பத்துப் பறவைகளின் காலில் மாட்டினார். முறை இன்றும் பெரிதாக மாறவில்லை. ஆய்வாளர் பறவையின் கழுத்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் தளர்வாக வைத்துக்கொண்டு, பிளையரால் வளையத்தை மூடினார். இரு முனைகளும் இடைவெளியின்றிச் சேர்ந்தனவா என்று நகத்தால் தடவிப் பார்த்தார். இடைவெளி இருந்தால் நூலோ நாரோ அதில் சிக்கிக்கொள்ளும். இறக்கை, அலகு, எடை எல்லாம் பதிவேட்டில் ஏறின.

வளையமிட்ட பறவைகளில் பெரும்பாலானவை மறுபடி யார் கைக்கும் வருவதில்லை. ஆனால் அன்றிரவே படிக்கக்கூடிய செய்தியும் பறவையின் உடலில் இருக்கிறது. நள்ளிரவுக்கு முன் வந்த வளைமூக்கு உள்ளானின் இறக்கையை விரித்து, மேல்மறைப்பு இறகுகளின் வெளிர்நிற ஓரத்தைக் காட்டினார் ஆய்வாளர். போன கோடையில் பிறந்தது என்று அர்த்தம். இது வட சைபீரியாவின் பனிச்சமவெளியில் குஞ்சு பொரிக்கும் பறவை. அங்கே லெம்மிங் எனும் கொறிப்பிராணி பெருகும் ஆண்டில் நரிகள் அதைத் தின்று வயிறு நிறையும். குறைந்த ஆண்டில் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தேடிப் போகும். ஆகவே குளிர்காலத்தில் தெற்கே பிடிபடும் கூட்டத்தில் இளம்பறவைகள் எத்தனை பங்கு என்று பார்த்தால், ஆர்க்டிக்கில் அந்தக் கோடை எப்படிப் போனது என்று ஊகிக்கலாம். ஒரு ராத்திரிப் பிடிப்பை வைத்து அதைச் சொல்ல முடியாது. ஒரே இடத்தில் ஆண்டுதோறும் பிடித்தால்தான் சொல்லமுடியும். புதிய இடம் ஒன்றைத் தேர்வதற்கு முன் அங்கே தொடர்ந்து வரமுடியுமா என்று யோசிப்பது இதனால்தான்.

அளந்து முடித்த பறவைகளைத் துணி போர்த்திய கூடையில் சற்று நேரம் இருட்டில் வைத்தார்கள். விளக்கில் கூசிய கண் தெளிய வேண்டும். பிறகு வரப்பில் இறக்கிவிட்டார்கள், தூக்கி எறியவில்லை.

இரண்டு மணிக்குக் காற்று எழுந்தது. பறவைகள் அப்போதுதான் கூட்டமாக வரத் தொடங்கியிருந்தன. தலைக்கு மேல் குரல்கள். இன்னும் ஒரு சுற்றுப் பார்க்கலாம் என்றார் ஆய்வாளர்.

“வேண்டாம்மா. காத்துல வலை துடிச்சா முறுக்கிக்கும். எடுக்குறதுக்குள்ள இறக்கை போயிடும்.”

அவரே போய் வலையைச் சுருட்டிக் கட்டினார். பிடித்தவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஒன்றுக்கும் காயமில்லை.

அவர்கள் பதிவேட்டில் வளையமிட்டவரின் பெயருக்குக் கட்டம் உண்டு. வலைக்கு இடம் தேர்ந்தவருக்கும், வலையை மூடச் சொன்னவருக்கும் இல்லை. அந்த இரண்டு முடிவுகளும் இல்லாவிட்டால் பதிவேட்டில் எழுத ஒன்றும் இருந்திருக்காது, அல்லது எழுதக்கூடாதது இருந்திருக்கும். ஆய்வாளர் குறிப்புப் பகுதியில் காற்றின் திசை, வரப்பின் எந்தப் பக்கம், கீழ்க்கயிற்றின் உயரம், மூடிய நேரம், காரணம் எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் பெரியவரின் பெயரைப் போட்டார். அடுத்த அமாவாசைக்கு வேறு யார் வந்து வலை கட்டினாலும், முதலில் படிக்கவேண்டியது அந்தப் பக்கம்தான்.