பாம்புக்குக் குளிருமோ?

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பர் நம் முன்னோர். படை நடுங்குவதைப் பற்றி நாம் நிரம்பக் கேட்டிருக்கிறோம். பாம்பு நடுங்குமா, அதற்குக் குளிருமா என்று யாரேனும் கேட்டதுண்டா? சென்ற மாதம் என் மாணவன் ஒருவன் கேட்டான். அந்தக் கேள்வியே இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டிற்று.

விஞ்ஞான பாடம் முடிந்து மாணவர் கலைந்துகொண்டிருந்த வேளை. ஒன்பதாந் தரத்துச் சிறுவன் ஒருவன் மெல்ல என் மேசையருகே வந்து நின்றான்.

"சேர், பாம்புக்குக் குளிருமோ?"

"ஏன் தம்பி கேட்கிறாய்?"

முதலில் மழுப்பினான். பின்னர் உண்மை வெளிவந்தது. வெள்ளவத்தையில் கால்வாய்க்கு அண்மையில் அவன் வீடு. பெருமழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், இரண்டடி நீளமும் இல்லாத மலைப்பாம்புக் குட்டியொன்றைப் புல்லிடையே கண்டு எடுத்து வந்திருக்கிறான். காகித அட்டைப் பெட்டியொன்றில் இட்டு, அதன்மேல் மேசை விளக்கை வளைத்து வைத்திருக்கிறான். வெளிநாட்டுப் பிள்ளைகள் அவ்வாறு செய்வதைக் கைத்தொலைபேசியில் பார்த்தானாம். தாயாரிடம், "பள்ளிக்கூடத்துச் செயற்றிட்டம்" என்று சொல்லிவிட்டானாம்.

"இரவும் பகலும் விளக்கு எரியுது, சேர். ஆனால் அது மூலையிலேயே முட்டிக்கொண்டு நிற்குது. இன்னும் பெரிய விளக்குப் போடவோ?"

நான் எழுந்துவிட்டேன். "நட, உன் வீட்டுக்குப் போவோம்" என்றேன். என் அவசரம் அவனுக்கு விளங்கவில்லை. அதன் காரணம் முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய கதை.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் குடியிருந்தோம். எனக்குப் பத்து வயது. வீட்டின் பின்புறத்து நீரோடும் கானில் ஒரு நாள் சாரைப்பாம்புக் குட்டியொன்று கிடந்தது. அதை யாரும் அடித்துவிடாமல் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் ஏற்றி, மூடியில் ஆணியால் துளைகளிட்டு மறைத்து வைத்தேன். தொட்டுப் பார்த்தபோது அதன் உடல் சில்லென்றிருந்தது. ஐயோ, குளிரில் விறைக்கிறதே என்று என் பிஞ்சு மனம் பதைத்தது. போத்தலைக் கொண்டுபோய் முற்பகல் வெயில் நேரே விழும் சன்னல் படியில் வைத்துவிட்டு, ஒரு புண்ணிய காரியம் செய்த நிறைவோடு விளையாடப் போய்விட்டேன். ஒரு மணி நேரத்தின்பின் திரும்பி வந்தபோது குட்டி நீண்டு கிடந்தது. போத்தலைத் தொட்டேன்; கை சுட்டது.

அழுதுகொண்டு அம்மாவிடம் ஓடினேன். அவர் கோபிக்கவில்லை. "அதுக்குக் குளிருதெண்டு ஆர் உனக்குச் சொன்னது?" என்று மட்டுங் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடியே நான் விலங்கியல் படித்தேன் என்று சொன்னால் அது மிகையாகாது.

பாம்பு, பல்லி, ஆமை முதலியவற்றைக் குளிர்க்குருதிப் பிராணிகள் என்று பழைய பாடநூல்கள் கூறும். இப்பெயர் நம்மை ஏமாற்றுவது. அவற்றின் குருதி எப்போதும் குளிர்ந்திருப்பதில்லை. நம் உடல், உண்ட உணவை எரித்துத் தன்னை ஏறத்தாழ 37 பாகை செல்சியஸில் வைத்துக்கொள்கிறது. பாம்பினால் அது இயலாது. வெயிலில் காய்ந்தும் நிழலில் ஒதுங்கியும் தனக்கு வேண்டிய உஷ்ணத்தை வெளியிலிருந்தே அது பெறுகிறது. உஷ்ணம் குறைந்தால் விழுங்கிய இரை செரியாது. சில வேளை வெளியே கக்கிவிடும். உஷ்ணம் மிகுந்து 40 பாகையை எட்டினாலோ பெரும்பாலான பாம்புகளின் உயிருக்கே ஆபத்து. ஆகவே பாம்பின் வாழ்வு முழுவதும் ஓயாத இடமாற்றமே. சூடான இடமும் குளிர்ந்த இடமும் அருகருகே இருந்தாலன்றி அதனால் வாழ முடியாது. என் போத்தலில் அவ்வாறான இரண்டு இடங்கள் இருக்கவில்லை.

இந்த உண்மையைச் செயலில் காட்டியவன் என் தங்கையின் மகன். அவர்கள் கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியில் வாழ்கிறார்கள். அவன் தன் சேமிப்பில் ஆபிரிக்க இனத்துச் சிறு மலைப்பாம்புக் குட்டியொன்றை வாங்கினான். அஞ்சினால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சாதுவான இனம் அது. மூன்று மீற்றருக்கு மேல் வளரும் பாம்பு வகைகளை வளர்க்க அந்நகரத்தின் சட்டம் இடந்தராது. இந்த இனம் அதில் பாதியளவே வளரும்.

குட்டியை வாங்குமுன்னரே வீட்டை அமைத்துவிட்டான். அந்த முறைமையை நான் வியந்தேன். சிறியதொரு கண்ணாடித் தொட்டி. இளங்குட்டி பரந்த வெளியில் அஞ்சி இரையெடுக்காது என்பதால் பெரிய தொட்டி ஆகாது. தொட்டியின் அடியில் மூன்றிலொரு பங்கிற்கு மாத்திரம் மின்சார வெப்பப் பாய். உஷ்ணம் குறித்த அளவை எட்டியதும் மின்சாரத்தைத் தானே நிறுத்திவிடும் தெர்மோஸ்டாட் கருவி. சூடான பக்கம் ஏறத்தாழ 32 பாகை, மற்றப் பக்கம் 26 பாகை. ஒவ்வொன்றிலும் ஓர் உஷ்ணமானி. தரையில் பழைய பத்திரிகைத் தாள். குளிர்ந்த பக்கத்தில் தண்ணீர்ப் பாத்திரம். பூட்டக்கூடிய மூடி.

ஒளிந்துகொள்வதற்கு ஒரேயளவான இரண்டு சிறு பெட்டிகளைக் கண்டேன். "இரண்டு எதற்கு?" என்று கேட்டேன்.

"மாமா, ஒண்டை மட்டும் சூடான பக்கத்திலை வைச்சால், பயத்திலை அதுக்குள்ளேயே கிடந்து வெந்துபோகும். குளிரான பக்கத்திலை மட்டும் வைச்சால், சூடு வேணுமெண்டாலும் வெளியிலை வராது. இரண்டு பக்கமும் இருந்தால்தான் அது தானாத் தெரிஞ்செடுக்கும்" என்றான் பதின்மூன்று வயதுப் பையன். நான் பத்து வயதில் அறியாததை அவன் அறிந்திருந்தான்.

2013ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம், 22ஆம் தேதிகளில் ரொறன்ரோவைப் பனிமழைப் புயல் தாக்கியது. பெய்த மழை மரங்களிலும் மின்கம்பிகளிலும் கண்ணாடிபோல் உறைந்து கனக்க, கிளைகள் முறிந்து கம்பிகளை அறுத்தன. அந்நகரில் மட்டும் ஏறத்தாழ மூன்று இலட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. பல வீடுகளுக்கு நத்தார்ப் பண்டிகைக்குப் பின்னரே மின்சாரம் வந்தது. வீட்டை வெதுவெதுப்பாக்கும் இயந்திரமும் மின்சாரமின்றி இயங்காதல்லவா?

கொழும்பில் திங்கட்கிழமைக் காலை. வெள்ளவத்தையில் வழக்கம்போல வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே ஞாயிறு இரவு. மருமகன் காரினுள் தொலைபேசிக்கு மின்னேற்றி என்னை அழைத்தான். "மாமா, தொட்டி 19 பாகைக்கு வந்திட்டுது. என்ன செய்ய?" குரல் தழுதழுத்தது.

விசிறியின் கீழிருந்தபடி நான் குளிருக்கு வைத்தியஞ் சொன்னேன். பாம்பைத் துணிப்பையிலிட்டு ரெஜிபோம் பெட்டிக்குள் வை, எரிவாயு அடுப்பில் நீர் காய்ச்சிப் போத்தல்களில் நிரப்பித் துவாயினால் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வை, மறுபக்கத்தை விட்டுவிடு, இரை கொடாதே. ஆனால் போத்தல்கள் இரண்டு மணி நேரத்தில் ஆறிவிடும். பிள்ளை இரவு முழுவதும் விழித்திருக்க முடியுமா?

அந்த வீட்டில் அப்போது என் அம்மாவும் இருந்தார். நயினாதீவு நாகபூசணி அம்மனின் பெயரைச் சொல்லாமல் ஒரு நாளும் உறங்கப் போகாதவர். ஆயினும் பேரனின் தொட்டி இருந்த அறைக்குள் அதுவரை காலெடுத்து வையாதவர். நள்ளிரவில் பேரன் மூன்றாம் முறையாக நீர் காய்ச்ச எழுந்ததைக் கண்டு, "கொண்டா இங்கை" என்றாராம். துணிப்பையை வாங்கித் தம் கம்பளிச் சால்வைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, சாய்வு நாற்காலியில் விடியும்வரை அமர்ந்திருந்தாராம். மனித உடலின் 37 பாகை, துணியையும் சால்வையையும் ஊடுருவி அச்சிறு உயிரைக் காத்தது. மறுநாள் இரவும் அவ்வாறே. மூன்றாம் நாள் மின்சாரம் வந்தது.

"பயமில்லையோ அம்மா?" என்று நான் பின்னர் கேட்டேன்.

"பயந்தான். ஆனால் இந்த முறை உண்மையாக் குளிர்ந்தது, மேனை. எனக்கே குளிர்ந்தது" என்றார்.

பாம்பினத்திலேயே இவ்வாறு செய்யும் தாய் உண்டென்பதை அம்மா அறியார். ஆசிய மலைப்பாம்பின் பெண், முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடந்து அடைகாக்கும். 1841ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து விலங்குக் காட்சிச்சாலையில் அடைகாத்த பெண் பாம்பொன்றின் சுருள்களிடையே உஷ்ணமானியை வைத்துப் பார்த்த வலென்சியன் என்னும் அறிஞர், சூழலைவிட அங்கே உஷ்ணம் மிகுந்திருந்ததைக் கண்டார். 1966ஆம் ஆண்டில் நியூயோர்க் விலங்குக் காட்சிச்சாலையில் செய்த ஆராய்ச்சி அதன் காரணத்தை உறுதிசெய்தது. குளிர் மிகும்போது தாய்ப்பாம்பு தன் தசைகளைத் திரும்பத் திரும்பச் சுருக்கி நடுங்குகிறது; அந்த நடுக்கமே முட்டைகளுக்குச் சூடாகிறது. பாம்பு நடுங்குமா என்ற கேள்விக்கு விடை அதுவே. தன் குளிருக்காக அது நடுங்குவதில்லை, பிள்ளைகளுக்காக நடுங்குகிறது.

இவற்றையெல்லாம் மாணவனுக்குச் சொல்லிக்கொண்டே அவன் வீட்டை அடைந்தேன். பெட்டியினுள் உஷ்ணமானியை வைத்தோம். 38 பாகை! ஆண்டு முழுவதும் 27, 28 பாகையிலே நிற்கும் கொழும்பில் பாம்புக்கு விளக்கு எதற்கு? குளிர் நாட்டார் கண்ணாடித் தொட்டிக்குள் பணஞ் செலவழித்து உண்டாக்குவது நம் ஊரின் சீதோஷ்ணத்தைத்தானே? இங்கே நாம் கொடுக்கவேண்டியது நிழலும் நீருமே. குட்டி வெளியேற வழி தேடி மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கியிருந்தது. விளக்கை அணைத்தோம். உடைந்த பூச்சட்டியொன்றைக் கவிழ்த்து ஒளிவிடமாக வைத்தோம். தட்டில் தண்ணீர் வைத்ததும் அது தலையைத் தாழ்த்தி நெடுநேரம் குடித்தது. பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மலைப்பாம்பு நம் நாட்டில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் அதனை வீட்டில் அடைத்து வைக்க இடந்தரா. வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்தோம். மறுநாள் வந்து பெற்றுச் சென்றனர். பையன் வாசலில் நின்று அழுதான். அவனை அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போனேன். 1936ஆம் ஆண்டில் அரசாங்கம் பொறுப்பேற்ற அந்தச் சாலை எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். பெரிய மலைப்பாம்பின் முன்னே அவன் நெடுநேரம் நின்றான். பின்னர், "சேர், இதுக்கு எந்தப் பக்கம் நிழல்?" என்று கேட்டான். அவன் படித்துவிட்டான் என்று எண்ணிக்கொண்டேன்.

அன்றிரவு வீடு திரும்பியபோது மணி பதினொன்றைக் கடந்திருந்தது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகனின் மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலையில் ஒரு பிரத்தியேக வகுப்பு, மாலையில் இரண்டு. எல்லாம் அவனுடைய நன்மைக்கென்று நானே ஒழுங்குசெய்தவை. அவன் புத்தகத்தின்மேல் தலை சாய்த்து உறங்கிப்போயிருந்தான். அவனுக்குக் குளிருகிறதென்று எனக்கு யார் சொன்னது?

விளக்கை அணைத்தேன். மறுநாள் ஞாயிறு மாலை வகுப்புகளில் ஒன்றை நிறுத்திவிட்டேன். அந்த நேரத்தில் அவன் கடற்கரைக்குப் போகிறானா, உறங்குகிறானா என்று நான் விசாரிப்பதில்லை.