கேட்டு எழுதியவர்

திருவண்ணாமலையில் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் ‘நொட்டேஷன் சார்’. கீபோர்டு வகுப்பு நடத்துகிறேன். யாராவது ரெக்கார்டிங் கொண்டுவந்து கொடுத்தால் ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதித் தருவேன். பக்கத்தின் அடியில் ‘கேட்டு எழுதியவர்’ என்று போட்டு என் பெயர் இருக்கும். அந்தப் பக்கங்களில் பெரும்பாலானவற்றை நான் கேட்டு எழுதவில்லை. மென்பொருள் எழுதியது. பெயர் மட்டும் நான் போட்டது.

மென்பொருளைத் தொட்டதே பாவம் என்று சொல்ல வரவில்லை. சினிமாப் பாட்டின் பியானோ பகுதியோ கிடார் பிட்டோ என்றால் அது கெட்டிக்கார வேலைக்காரன். ஒலியைப் பொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண் தூக்கலாக இருக்கிறது என்று கணக்குப் பார்த்து, கிட்டத்தில் இருக்கிற பியானோக் கட்டையில் கொண்டுபோய் உட்காரவைக்கும். ஒரு ஸ்தாயிக்கு 12 கட்டை. பியானோவுக்கு அந்த 12க்கு நடுவில் பேச்சே கிடையாது, ஆகவே தகராறு இல்லை. நாகஸ்வரத்துக்கும் வாய்ப்பாட்டுக்கும் உயிரே அந்த நடுவில்தான். இது எனக்குத் தெரியாமல் இல்லை. சின்ன வயதில் வாய்ப்பாட்டு கற்றவன் நான். வர்ணம் வரை போய், பரீட்சை, கல்லூரி என்று விட்டுவிட்டேன்.

தீபத்துக்குக் கொஞ்சம் முன்பிருந்து மாசி வரை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவார்கள். எனக்கு வருமானம் வரும் காலமும் அதுவே. அவர்களில் ஒரு அம்மையார் மேற்கத்தியப் புல்லாங்குழல் வாசிப்பவர். மாடவீதிப் புறப்பாட்டில் ஒரு பெரியவர் வாசித்த தோடி ஆலாபனையை போனில் பிடித்துக்கொண்டு வந்தார். ஊருக்குப் போய் இதை வாசிக்க வேண்டும், எழுதித் தருவீர்களா என்று கேட்டார். உட்கார்ந்து கேட்டு எழுதணும், ஒரு வாரம் ஆகும் என்றேன். மென்பொருள் டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டது. அந்த வாரம் முழுக்க நான் ரெக்கார்டிங்கை இன்னொரு முறை போட்டுக்கூடக் கேட்கவில்லை.

வந்த பக்கம் அலங்கோலமாக இருந்தது. தவில் அடியெல்லாம் அடிவரியில் ஸ்வரமாக விழுந்திருந்தது. எங்கோ வெடித்த அதிர்வேட்டுக்கும் ஒரு ஸ்வரம் கிடைத்திருந்தது. நாகஸ்வர நாதத்துக்குள் மேல்ஸ்தாயி அதிர்வுகளும் பலமாக இருக்கும். அதில் ஏமாந்து சில ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி ஏற்றி எழுதியிருந்தது. தோடியின் காந்தாரம் இருந்த இடங்களில் எறும்புப் புற்றை மிதித்தாற்போல் சின்னச் சின்னக் குறிகள்.

இந்த இடத்தில் மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. தோடியில் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்பதில்லை. கீழே ரிஷபத்தையும் மேலே மத்யமத்தையும் பார்த்து ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டத்தைத்தான் நாம் காந்தாரம் என்கிறோம். பெரியவரின் சுருதி ஏறக்குறைய இரண்டு கட்டை. அதன்படி காந்தாரம் ‘எஃப்’ கட்டையில் வர வேண்டும். மென்பொருள் அதற்குக் கீழேயும் மேலேயும் மாறி மாறிக் குறித்து, எஃப்பை அங்கங்கே தொட்டுவிட்டுப் போயிருந்தது. அதாவது ஏதோ ஆடுகிறது என்பதையாவது அது கண்டுபிடித்திருந்தது.

அதை அழித்தது நான். ‘சிறு ஸ்வரங்களை நீக்கு’ என்று ஒரு வசதி இருக்கிறது, அதை அழுத்தினேன். மிச்சமிருந்ததை இழுத்துச் சேர்த்து நீளமான ஒற்றை எஃப் ஆக்கினேன். ஆலாபனைக்குத் தாளம் கிடையாது என்று தெரிந்தும் நாலுக்கு நாலு என்று அளவு கொடுத்துக் கோடு போட்டேன். பக்கம் அச்சுப் புத்தகம் மாதிரி சுத்தமாக இருந்தது. சொன்ன தொகையை அந்த அம்மா மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

இது முதல் தடவையும் இல்லை. நம் அண்ணாமலையார் மேல் முத்துஸ்வாமி தீட்சிதர் பாடிய ‘அருணாசலநாதம்’ சாரங்க ராகக் கீர்த்தனை. சாரங்கத்தில் கல்யாணியின் ஸ்வரங்களோடு சுத்த மத்யமமும் வரும், ராகத்தின் முகமே அதில்தான் இருக்கிறது. நான் மென்பொருளுக்குக் கல்யாணி ஸ்வரங்களை மட்டும் கொடுத்து, மற்றதைப் பக்கத்து ஸ்வரத்துக்குத் தள்ளிவிடச் சொன்னேன். அது சொன்னபடி கேட்டது. அந்தப் பக்கத்தை இன்னும் சிலர் வைத்து வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதே வேலையை மனிதர்கள் செய்த கதை எனக்குத் தெரியும். வகுப்பில் பெருமையாகச் சொல்லவும் செய்வேன். 1890களில் சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதி வெளியிட்டார். தியாகராஜர் பாட்டுக்கு வாலாஜாபேட்டைப் பரம்பரையினரையும், தீட்சிதர் பாட்டுக்கு எட்டயபுரம் சுப்பராம தீட்சிதரையும் பாடச் சொல்லிக் கேட்டு எழுதியவர். 1904இல் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ எட்டயபுரத்தில் அச்சேறியதில் முதலியாரின் தூண்டுதலுக்கும் பங்கு உண்டு. அதில் ஸ்வரத்துக்கு மேல் கமகத்துக்கென்று தனித்தனிக் குறிகள் உண்டு. கம்பிதம், நொக்கு, ஜாரு என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அந்த அச்சுக்கோப்பவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! ஆட்டம் இல்லாமல் எழுதினால் பாட்டு போய்விடும் என்று நூறு வருஷத்துக்கு முன்பே அவ்வளவு பயந்திருக்கிறார்கள். இதை மாணவர்களுக்குச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து, ‘சிறு ஸ்வரங்களை நீக்கு’ என்பதை அழுத்துகிறவன் நான்.

அந்த அம்மா ஊருக்குக் கிளம்புமுன் பெரியவர் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்ட ஆசைப்பட்டார். மொழிபெயர்க்க என்னையும் அழைத்தார், மறுக்கத் தோன்றவில்லை. திண்ணையில் உட்கார்ந்து எழுதியது எழுதியபடி, ஒரு பிசகு இல்லாமல் வாசித்தார். பெரியவர் மரியாதையாகத் தலையாட்டினார். முடிந்ததும் என்னிடம், “நல்லா ஊதுறாங்க. இது அவங்க ஊர் பாட்டுங்களா?” என்று கேட்டார்.

சொன்னேன். அது அவரே வாசித்த தோடி என்று அவருக்கு நம்பிக்கை வரவில்லை. போனில் இருந்ததைப் போட்டுக் காட்டினேன். தாளை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், விரலால் கோட்டைத் தடவிப் பார்த்தார். “காந்தாரம் நிக்குதே சார். தோடியில காந்தாரம் நிக்கலாமா?” என்றார்.

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவரே எனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். “காதுக்குப் பழக்கம் பத்தல, அவ்ளோதான். வெக்கப்படாதீங்க. சாயரட்சைக்கு வந்து என் பக்கத்துல நில்லுங்க. கேக்கக் கேக்க வந்துடும்.”

“சரிங்கய்யா” என்றேன்.

நான் எழுதியது தப்பு என்பதைவிட இந்த ‘சரிங்கய்யா’தான் எனக்கு உறுத்துகிறது. உட்கார்ந்து கேட்டும் பிடிபடாத ஒருவன் என்று அவர் என்மேல் இரக்கப்பட்டார். கேட்கவே இல்லை என்பதை மறைக்க அந்த இரக்கம் எனக்கு வசதியாக இருந்தது.

அம்மையாரிடம் மறுநாள் உண்மையைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. எந்த மென்பொருள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார், அது வேறு விஷயம். சாரங்கப் பக்கத்தை வாங்கியவர்களில் நினைவிருந்தவர்களுக்குச் சொல்லியாயிற்று. இப்போது நாகஸ்வரம் என்றால் லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தார் இலவசமாகத் தரும் சோனிக் விஷுவலைசரில் போட்டுப் பார்க்கிறேன். தேவையான செருகுநிரலைச் சேர்த்தால் அது ஸ்வரத்தைக் கட்டையில் தள்ளாமல் வளைகோடாகவே காட்டுகிறது. பார்சிலோனாவில் சேவியர் செர்ரா குழுவினர் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் ஆய்விலும் கர்நாடக இசையை இப்படி வளைகோடாகத்தான் எடுத்து ஆராய்ந்தார்கள். காந்தாரம் அந்தக் கோட்டில் எப்படி ஆடுகிறது என்று பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. பாடிப் பார்த்தால் எனக்கு வரவில்லை. பென்சிலோடு உட்கார்ந்தால் ஒரு வரி எழுத ஒரு மாலை போய்விடுகிறது. வகுப்புக்கு வரும் பிள்ளைகள் என்னைவிடச் சீக்கிரம் ஸ்வரம் சொல்கிறார்கள். பெயர் போட்ட காலம் முழுக்கக் காது சும்மா கிடந்திருக்கிறது.

சாயரட்சைக்குப் போகிறேன். பெரியவர் வாசித்து முடித்ததும் என்னைப் பாடச் சொல்கிறார், நான் பாடுகிற காந்தாரத்தைத் தவில்காரரிடம் காட்டி, “பாத்தியா, ஆட ஆரம்பிச்சிடுச்சு” என்கிறார். மென்பொருள் சமாசாரம் அவருக்கு இன்னும் தெரியாது. இந்தப் பத்திரிகை அவர் வீட்டுக்கு வருகிறது, மருமகள் படித்துக் காட்டுவார். அதற்கு முன்னால் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். போன வாரமும் இப்படித்தான் நினைத்தேன்.