ஆறுதல் பெற மறுத்த தாய்

2004 டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்பின் மறுநாளான அந்த ஞாயிறன்று திருச்சபை திருக்குடும்ப விழாவைக் கொண்டாடியது. அன்று காலையில்தான் ஆழிப்பேரலை நாகை மாவட்டக் கரையைச் சூறையாடியது. ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற திருப்பயணிகளும் அவர்களுள் அடங்குவர்.

பேராலயத்துள் நீர் புகவில்லை. அது புதுமையே என்று நம்மவருள் பலர் பேசினர். அச்சொல்லைக் கரையில் குழந்தையை இழந்த தாயின் முன் நின்று நம்மால் சொல்ல இயலுமா? காத்தவர் கடவுள் என்றால் கைவிட்டவர் யார் என்று அவள் கேட்பாளே!

அன்றைய நற்செய்தி மத்தேயு இரண்டாம் அதிகாரம்: திருக்குடும்பம் எகிப்துக்குத் தப்பியோடிய வரலாறு. குழந்தைகள் கொலையுண்டதைக் கூறும் 16 முதல் 18 வரையான வசனங்கள் அவ்வாசகத்தில் இடம்பெறுவதில்லை. ஆயினும் திருச்சபை அவற்றை மறந்துவிடவில்லை. டிசம்பர் 28-இல், மாசில்லாக் குழந்தைகள் விழாவில், அவற்றையும் வாசிக்கிறது. குடில் கலையுமுன்னரே, ஆறுதல் பெற மறுக்கும் இராகேலின் அழுகுரல் நம் ஆலயங்களில் ஒலிக்கிறது.

சிந்திப்போம். தூய மத்தேயு அத்தாய்க்கு விளக்கம் கூறவில்லை, ஆறுதலையும் திணிக்கவில்லை. அவளது அழுகையை நற்செய்திக்குள்ளேயே எழுதி வைத்தார். அன்று தப்பிய பாலனோ பின்னாளில் தப்பவில்லை. ஏன் கைவிட்டீர் என்று சிலுவையில் தொங்கியபடி அவரும் தந்தையைக் கேட்டார்.

எனவே, பிள்ளையை இழந்தவளின் கேள்வி விசுவாசத்தின் முடிவன்று, அதுவும் மன்றாட்டே. விளக்கம் சொல்ல விரையாது, அவளருகே அமர்ந்து, அம்மன்றாட்டில் நாமும் பங்குபெறுவோம்.