இளங்கௌதமனுக்கு நோட்டீஸ்!

திருச்சியில் ஒரு ரயில்வே கான்ட்ராக்டரிடம் கணக்கு எழுதுகிறவன் நான். 2014-ல் முதலாளிக்கு சேவை வரி நோட்டீஸ் வந்தது. பழைய தண்டவாளத்தைப் பழுதுபார்த்து, பக்கத்திலேயே புது லைனும் போட்டிருந்தோம். பில் ஒன்றே ஒன்று! முழுத் தொகைக்கும் வரி, வட்டி, அபராதம்.

''ரயில்வேக்கு வரி கிடையாதே சார்?'' என்றேன்.

ஆடிட்டர் சிரித்தார். ''2012 விதிவிலக்கைப் படிங்க தம்பி. ரோடுன்னா போட்டாலும் விலக்கு, ரிப்பேர் பண்ணாலும் விலக்கு. ரயில்வேன்னா புது வேலைக்கு மட்டும்தான்!''

ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு சித்தன்னவாசல் போனேன். எல்லோரும் தாமரைக் குள ஓவியத்தைப் பார்க்க, நான் 9-ம் நூற்றாண்டுக் கல்வெட்டில் மாட்டிக்கொண்டேன். மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அர்த்த மண்டபத்தைப் புதுப்பித்தார். முக மண்டபத்தைப் புதிதாகக் கட்டினார். இதுதான் சேதி.

''முக மண்டபத்துக்கு விலக்கு, அர்த்த மண்டபத்துக்கு வரி'' என்று முணுமுணுத்தேன்.

''இங்கேயுமா கணக்கு?'' என்றாள் அவள்.

2017-ல் ஜி.எஸ்.டி. வந்து சேவை வரி போனது, நோட்டீஸ் போகவில்லை. 50 லட்சத்துக்கு உட்பட்ட வழக்கு என்பதால், 2019 சமாதானத் திட்டத்தில் வரியில் 30 சதவிகிதம் கட்டித் தலைமுழுகினோம். அத்தனையும் முதலாளியின் கைக்காசு.

இளங்கௌதமன் கெட்டிக்காரர். பழசு எது, புதுசு எதுன்னு கல்லிலேயே பிரிச்சு எழுதிட்டார். நான்தான் பில்லில் சேர்த்து எழுதினேன்!