மாட்டுச் சிலை நிற்கும் மோரின்ஸ்வில்: பாலின் நாளைய விலை யார் கையில்?

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலிருந்து தெற்கே காரில் ஒன்றரை மணி நேரம் போனால் வைகாட்டோ சமவெளி வந்துவிடுகிறது. அங்கே ஹாமில்டன் நகருக்குக் கிழக்கே இருக்கிறது மோரின்ஸ்வில் என்ற சிறிய ஊர். நம்மூர் அய்யனார் கோயில் வாசலில் மண்குதிரைகள் நிற்பதுபோல, அந்த ஊர்க் கடைத்தெரு நெடுக வண்ணம் பூசிய மாட்டுச் சிலைகள் நிற்கின்றன. ஆறரை மீட்டர் உயரத்தில் ஒரு ராட்சத மாடும் உண்டு. பால்தான் அந்த ஊருக்குச் சோறு போடுகிறது.

'பால் தொழிலுக்கு எதிர்காலம் இருக்கிறதா? இன்னும் இரண்டு மாடு வாங்கலாமா?' என்று நம் கேள்வி-பதில் பகுதிக்கு வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உலகத்துக்கே பால் பவுடர் விற்கும் இந்தச் சமவெளியைச் சுற்றிப் பார்த்தால் அதற்குப் பாதி விடை கிடைக்கும்.

புல்லை அளக்கும் விவசாயி

நான் போனது அக்டோபர் மாதம். அங்கே அது வசந்த காலம். புல் மளமளவென்று வளரும் நேரம். பெரும்பாலான பண்ணைகளில் மாட்டுக்குக் கொட்டகை கிடையாது. மழையோ குளிரோ, மாடுகள் வெளியில்தான். ரை புல்லும், பயறு இனத்தைச் சேர்ந்த வெள்ளை குளோவரும் கலந்த மேய்ச்சல் நிலத்தை மின்வேலியால் பாத்திகளாகப் பிரித்திருக்கிறார்கள். இன்று ஒரு பாத்தி, நாளை அடுத்த பாத்தி. வாரம் ஒருமுறை பண்ணைக்காரர் கையில் ஓர் அளவுகோலுடன் நிலம் முழுக்க நடந்து, எந்தப் பாத்தியில் எவ்வளவு புல் இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார். பிறகுதான் மாடுகளை எங்கே விடுவது என்று முடிவு செய்கிறார்.

பெரும்பாலான மாடுகள் ஜூலை, ஆகஸ்டில் கன்று ஈனும்படி சினைப்படுத்துகிறார்கள். பால் பெருகும் நேரமும் புல் பெருகும் நேரமும் ஒன்றாக அமைகின்றன. மே மாத வாக்கில் பால் வற்றவிடுகிறார்கள். ஒரு பண்ணையில் சராசரியாக 440 மாடுகளுக்கு மேல் இருந்தாலும், இரண்டு மூன்று பேரே வேலையைச் சமாளித்துவிடுகிறார்கள். மீன் முள்போல மாடுகளைச் சாய்வாக இரு வரிசையில் நிறுத்திக் கறக்கும் கொட்டிலை 1952-ல் உருவாக்கியதே இந்த வைகாட்டோவின் கோர்டன்டன் என்ற ஊரில்தான்.

இங்கே லிட்டர் கணக்கில் பணம் தருவதில்லை. பாலில் இருக்கும் கொழுப்பும் புரதமும் எத்தனை கிலோ என்பதற்குத்தான் பணம். தண்ணீருக்கு விலை இல்லை. காரணம், இந்த நாட்டின் பாலில் சுமார் 95 சதவிகிதம் பவுடர், வெண்ணெய், சீஸாகக் கப்பலேறுகிறது.

இரண்டே வருடத்தில் பாதி விலை

விலை நிலவரத்தைக் காட்டுவது 2008-ல் தொடங்கிய இணைய ஏலம். மாதம் இருமுறை நடக்கிறது. 2013-14 பருவத்தில், நாட்டின் பெரிய கூட்டுறவான ஃபான்டெரா ஒரு கிலோ பால் திடப்பொருளுக்கு 8.40 நியூசிலாந்து டாலர் கொடுத்தது. 2015-16 பருவத்தில் அது 3.90 டாலராக இறங்கியது. மாடு அதே மாடு, புல் அதே புல். இடையில் சீனா ஏற்கெனவே வாங்கிக் குவித்ததால் கொள்முதலைக் குறைத்தது. 2014-ல் ரஷ்யா ஐரோப்பியப் பால் பொருட்களுக்குத் தடை போட்டது. 2015 ஏப்ரலில் ஐரோப்பா தன் உற்பத்தி வரம்பை நீக்கியது. எங்கோ எடுத்த முடிவுகளால் கடனில் சிக்கியவர் வைகாட்டோ விவசாயி.

சீனாவின் தேவைதான் இங்கே பெரிய கேள்விக்குறி. 2008-ல் அங்கே மெலமைன் கலந்த பால் பவுடரால் குழந்தைகள் இறந்தன. அதற்குப் பிறகு நியூசிலாந்து பவுடருக்குக் கிராக்கி கூடியது. இப்போது நிலைமை மாறிவிட்டது. 2018-ல் சுமார் 3 கோடி டன்னாக இருந்த சீனாவின் பால் உற்பத்தி, 2023-ல் 4 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. 2016-ல் அங்கே பிறந்த குழந்தைகள் 1.78 கோடி, 2023-ல் 90 லட்சம்தான். குடிக்கும் பிள்ளைகள் பாதியாகும்போது, கறக்கும் பால் கூடுகிறது.

சரி, நியூசிலாந்து இன்னும் மாடுகளைப் பெருக்கிச் சமாளிக்க முடியுமா? அதுவும் கடினம். மூத்திரத்திலும் உரத்திலும் இருந்து இறங்கும் நைட்ரேட் நிலத்தடி நீரையும் ஆறுகளையும் கெடுக்கிறது. அதனால் மேய்ச்சல் நிலத்துக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 190 கிலோவுக்கு மேல் ரசாயனத் தழைச்சத்து இடக்கூடாது என்று 2021-ல் விதி வந்தது. 2014-15-ல் 50 லட்சமாக இருந்த கறவை மாடுகள் இப்போது 47 லட்சம் அளவுக்குக் குறைந்துவிட்டன.

வளர்ச்சி நம் பக்கம்

உலகில் கறக்கும் பாலில் சுமார் 7 சதவிகிதம்தான் நாடு தாண்டிப் போகிறது. மீதியெல்லாம் கறந்த நாட்டிலேயே செலவாகிறது. அடுத்த பத்தாண்டில் கூடப்போகும் பாலில் பாதிக்கு மேல் இந்தியாவும் பாகிஸ்தானும்தான் கறக்கும் என்று உலக உணவு, வேளாண்மை அமைப்பின் கணிப்புகள் சொல்கின்றன. 2023-24-ல் இந்தியாவின் உற்பத்தி சுமார் 23.9 கோடி டன். அதில் ஏறக்குறைய எல்லாமே நம் டீக்கடைக்கும் வீட்டுக்கும்தான். 2019-ல் ஆசிய வணிக ஒப்பந்தமான ஆர்செப்பில் சேராமல் இந்தியா விலகியதற்கு, நியூசிலாந்து பவுடர் வந்து குவியும் என்ற பால் விவசாயிகளின் பயமும் ஒரு காரணம்.

ஆக, வாங்கும் ஆள் நம் பக்கத்திலேயே இருக்கிறார். வைகாட்டோ விவசாயிக்குக் கிடைக்காத பலம் இது. ஆனாலும் உலக விலை நம்மைத் தொடாது என்று நினைக்கக் கூடாது. பால் பெருகும் காலத்தில் மிஞ்சும் பாலை இங்கேயும் பவுடராக்குகிறார்கள். வெளிநாட்டில் பவுடர் விலை சரிந்தால், இங்குள்ள பவுடர் தேங்கி, கொள்முதல் விலையும் இறங்குகிறது. அந்தச் சமயத்தில் தாக்குப்பிடிப்பவர் செலவைக் குறைத்து வைத்திருப்பவர்தான்.

அங்கிருந்து நாம் எடுத்துவர வேண்டியது 440 மாடுகளை அல்ல, அந்தப் புல் அளவுகோலின் கணக்கை. நம்மூரிலும் கொழுப்பும் எஸ்.என்.எஃப்பும் பார்த்தே விலை போடுகிறார்கள். மாட்டுச் சந்தைக்குப் போகும்முன், கோ-4 அல்லது கோ-5 தீவனப்புல்லும் வேலிமசாலும் எத்தனை சென்ட் இருக்கிறது, கோடையில் அதற்குத் தண்ணீர் நிற்குமா என்று பாருங்கள். இருந்தால் தாராளமாக இரண்டு மாடு வாங்கலாம். மூட்டைத் தீவனத்தை மட்டும் நம்பியிருந்தால், இருக்கும் மாட்டுக்கு முதலில் புல் போடுங்கள்.