காமராஜர் குடியிருந்த வாடகை வீடு!

நாகலாபுரத்தில் இருக்கும் என் ஆச்சிக்கு சென்னை என்றால் ஒரே ஒரு வீடுதான். "மெரினாவ அப்புறம் பாரு. காமராசர் வீட்டப் பாத்தியா?" போனில் தினமும் இதே கேள்வி.

காரணம் இருக்கிறது. எங்கள் கரிசல் மண்ணில், பக்கத்து எட்டயபுரத்தில்தான் 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார் காமராஜர். ஆச்சி ஐந்தாம் வகுப்பு வரை படித்ததே அந்தச் சோற்றால்தான்.

போன வாரம் கிளம்பிவிட்டேன். தி.நகர், திருமலைப் பிள்ளை சாலை. ரங்கநாதன் தெரு நெரிசலில் மூச்சு முட்டும் இந்த ஏரியா, 1920-கள் வரை நிஜமாகவே ஏரி! மாம்பலம் ஏரியை வற்றவைத்து, மனை பிரித்து, நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியாரின் பெயரை வைத்தார்கள். அப்படி வளர்ந்த புறநகரின் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தார் காமராஜர்.

1954 முதல் 1963 வரை முதல்வர். ஆனாலும் சொந்த வீடு இல்லை. 1975 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று அவர் உயிர் பிரிந்ததும் இங்கேதான். 1978-ல் அரசு இதை நினைவு இல்லமாக்கியது. அவர் பயன்படுத்திய பொருள்கள், பழைய போட்டோக்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. நான் தேடியது அம்மா சிவகாமியை. அவர் விருதுநகர் வீட்டிலேயே இருந்துவிட்டார். முதல்வரான மகனோடு சென்னையில் குடியிருக்கவில்லை. நேர்மை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ மனசு கேட்கவில்லை.

வாசலில் நின்றே ஆச்சிக்கு போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"எங்களுக்கெல்லாம் சோறு போட்டாரு. மகன் பக்கத்துல இல்லாம அந்தம்மாவுக்குச் சோறு இறங்கியிருக்குமா?"