ஓசை அடங்கிய எஞ்சின்

சில ஆண்டுகளுக்கு முன் நாம் இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது, உடனிருந்த தமிழ் நண்பர் தம் சேமிப்பையெல்லாம் கொடுத்துப் பழைய எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். 1962 முதல் 1980 வரை உருவான வகை அது. "எஞ்சின் எத்தனை அமைதி, கேட்டீர்களா சுவாமி?" என்று பூரித்தார். நாமும் தலையாட்டினோம்.

குளிர் வந்தது. காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றும்; பற்றாது. பாட்டரியும் பிளக்கும் கார்புரேட்டரும் முறைவைத்துப் பழி சுமந்தன. இறுதியில் முதிய மெக்கானிக் ஒருவர் சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்து நோயைக் கண்டார். எரிந்த புகையை வெளியேற்றும் வால்வுதான் குற்றவாளி.

முன்னாளில் பெட்ரோலில் கலந்திருந்த ஈயமே, அந்த வார்ப்பிரும்புத் தலையில் வால்வு அமரும் விளிம்பைக் காத்துவந்தது. 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு பிரிட்டனில் அதன் பொது விற்பனை நின்றது. காப்பிழந்த விளிம்பு தேயத் தேய, வால்வு மேலேறும். அதற்கும் ராக்கருக்கும் இடையிலுள்ள இடைவெளி குறுகும். தட்டும் ஓசை அடங்கும். இடைவெளி முற்றும் மறைந்தால் வால்வு சரியாக மூடாது, அழுத்தம் கசியும். நாம் மெச்சிய அமைதி அதுவே!

இடைவெளியைத் திருத்தினால் சிறிது காலம் ஓடும், தேய்மானமோ நிற்காது என்றார் அவர். நண்பர் கடன்பட்டுத் தலையைக் கழற்றுவித்து, கடினமான வளையங்களைப் பொருத்தச் செய்தார். மறுநாள் எஞ்சின் சட்டெனப் பற்றி, டிக்டிக்கென்று தட்டியது. நண்பர் முகம் சுளித்தார், மெக்கானிக் சிரித்தார்.